சத்தத்துக்கு நடுவே கவனத்தைப் பழக்குவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் இருந்துகொண்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் பாடம் படிக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எதைக் கேட்டால் மனசு ஒரு இடத்தில் நிற்கும்? போனில் தேடினால் எட்டு மணி நேர மழைச் சத்தம், ‘மூளை அலை’ இசை, ‘இதைக் கேட்டால் படித்தது மறக்காது’ என்று ஆயிரம் வீடியோ வருகிறது. எதை நம்புவது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அதிலேயே ஒரு மாலை ஓடிவிடும்.

ஒலி நம் கவனத்துக்கு நிச்சயமாகச் செய்யக்கூடிய உதவி இரண்டு. தொந்தரவு தரும் இன்னொரு ஒலியை மறைக்கும். கவனத்தை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்று பழகிக்கொள்ள ஒரு பயிற்சிப் பொருளாக இருக்கும். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் பலன் அதில்தான் அதிகம், காசும் செலவில்லை. அதற்கு வேண்டிய சத்தம் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதியை அதற்கே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு, பேனா

ஹெட்போன் வாங்கும் வேலையெல்லாம் அப்புறம். முதலில் நீங்கள் படிக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு எந்த நேரத்தில் என்ன சத்தம் வருகிறது என்று எழுதுங்கள். விடியற்காலையில் பாங்கு, தண்ணீர் லாரி வந்தால் குடம் வைக்கும் சத்தம், எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் ஹாரன், மாலையில் எதிர்வீட்டு சீரியல், இரவில் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘பேச்சு’, ‘திடீர்’, ‘தொடர்ச்சி’ என்று மூன்றில் ஒரு குறிப்புப் போடுங்கள். பேச்சு என்றால் வார்த்தை புரிகிற சத்தம். திடீர் என்றால் ஹாரன், பட்டாசு, கதவு அடிப்பது. தொடர்ச்சி என்றால் ஃபேன், மோட்டார், தூரத்து ரோடு.

இது வெட்டி வேலை போலத் தோன்றும். இல்லை. 1972-இல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நகரச் சத்தத்தைப் பற்றிச் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். ஒரே அளவு சத்தத்தை ஒரு குழுவுக்கு ஒழுங்கான இடைவெளியிலும், இன்னொரு குழுவுக்கு எப்போது வரும் என்று தெரியாத மாதிரியும் கேட்கவிட்டார்கள். சத்தம் நின்ற பிறகு கொடுத்த வேலையில், எப்போது வரும் என்று தெரியாமல் கேட்டவர்கள்தான் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழை திருத்துவதிலும் அதிகம் தவறவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து, ‘வேண்டுமானால் சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் நிறுத்தாமல் இருந்தால் நல்லது’ என்று சொன்னார்கள். பெரும்பாலும் யாரும் அதை அழுத்தவில்லை. நிறுத்த முடியும் என்று தெரிந்திருந்ததே போதுமானதாக இருந்தது. அவர்கள் பின்னால் வந்த வேலையை நன்றாகச் செய்தார்கள்.

ஆக, சத்தத்தின் அளவு மட்டும் நம்மை வாட்டுவதில்லை. அது எப்போது வரும் என்று தெரியாததும், நம் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணமும் சேர்ந்துதான் வாட்டுகிறது. உங்கள் நோட்டில் உள்ள அட்டவணை முதல் பிரச்சினையைப் பாதி குறைத்துவிடும். ஏழரைக்கு சீரியல் தொடங்கும் என்று தெரிந்தால், மனப்பாடத்தை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டு, ஏழரைக்கு மேல் கணக்குப் போடலாம், குறிப்பு எழுதலாம். காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு வருடத்துக்கே ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நடுராத்திரி ஏலக் கூட்டமும் வண்டிகளும் குறையும். கஷ்டமான பாடத்தை அந்த இரண்டு மாதத்தில் முடிக்கப் பாருங்கள். ஆடி மாதம் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிதாக எதையும் திட்டமிடாதீர்கள்.

அறையும் அக்கம்பக்கமும்

மேசையை ஜன்னலுக்கு நேராகப் போடாமல், தெருச் சுவரிலிருந்து தள்ளி உள்பக்கச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கைப் பழைய லுங்கியைச் சுருட்டி வைத்து அடையுங்கள். சத்தம் சுவரைத் துளைத்து வருவதைவிட இடுக்கு வழியாகத்தான் அதிகம் வரும். வெறும் சுவர் உள்ள அறையில் எதிரொலி கூடும். கயிற்றில் துணி காய்ந்தாலும், பாய் தலையணை அடுக்கியிருந்தாலும் அது குறையும்.

ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பாதைப் பக்க வகுப்புப் பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்பவர் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். அப்புறம் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் போட்டார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது. கொருக்குப்பேட்டை கேட் பக்கம் வளர்ந்து, ‘எனக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஏறாததற்கு உங்கள் தலை மட்டும் காரணமில்லை, உட்கார்ந்த இடமும் காரணம்.

பக்கத்து வீட்டில் கேட்கத் தயங்காதீர்கள். சண்டைக்குப் போகிற மாதிரி போகாமல், நேரத்தைச் சொல்லிக் கேட்டால் நம் பக்கத்து மனுஷர்கள் விட்டுக்கொடுப்பார்கள். “ஆயா, வர ஞாயித்துக்கிழம எக்ஸாம். ஒம்போதுக்கு மேல டிவிய மட்டும் கொஞ்சம் கம்மியா வச்சுக்கிறீங்களா?” “இன்னா கண்ணு, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ படி.” இவ்வளவுதான். இதில் பொத்தான் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டால் கேட்கலாம் என்ற தெம்பு இருந்தால் கேட்காத நாளிலும் அந்தச் சத்தம் அவ்வளவாக உறுத்தாது.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம். முதலில் பேசிப் பாருங்கள், வேறு வழியே இல்லையென்றால் காவல் நிலையம்.

மறைக்கும் சத்தம்

சரி, பேசியாகிவிட்டது, லுங்கியும் வைத்தாகிவிட்டது, இன்னும் சீரியல் கேட்கிறது. இப்போதுதான் மறைக்கும் சத்தம்.

மனப்பாடத்தைக் கெடுப்பதில் மற்ற எந்தச் சத்தத்தையும்விட மனிதப் பேச்சுக்குத்தான் பலம் அதிகம். புரியாத மொழியாக இருந்தாலும் கெடுக்கும், மெதுவாக இருந்தாலும் கெடுக்கும். இதை 1970-களிலிருந்து ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். நாம் படிப்பதை மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறோம். வெளியே மாறி மாறி வரும் பேச்சொலி அந்த வரிசையில் குறுக்கே விழுகிறது. அதனால் மறைக்கும் சத்தத்துக்கு ஒரே ஒரு வேலைதான்: பேச்சின் வார்த்தைகளைக் கரைத்துவிடுவது. பேச்சு அடியோடு கேட்கவே கூடாது என்று நினைக்காதீர்கள். ‘யாரோ பேசுகிறார்கள்’ என்று தெரியலாம், ‘என்ன பேசுகிறார்கள்’ என்று தெரியக் கூடாது.

இதற்குக் கைக்கெட்டும் கருவி டேபிள் ஃபேன். அதை உங்களுக்கும் சத்தம் வரும் பக்கத்துக்கும் நடுவே வையுங்கள். காற்று உங்கள் மேல் படவேண்டியதில்லை, சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாலும் போதும். அது போதவில்லையென்றால் போனில் ‘ஒயிட் நாய்ஸ்’, ‘பிங்க் நாய்ஸ்’, ‘பிரவுன் நாய்ஸ்’ மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒயிட் என்பது டிவியில் சேனல் வராதபோது வரும் ‘ஷ்ஷ்’. பிங்க் கொஞ்சம் தணிந்தது, நல்ல மழை மாதிரி. பிரவுன் இன்னும் அடங்கியது, தூரத்து அலை இரைச்சல் மாதிரி. சீரியல் பேச்சை மறைக்க ஒயிட் அல்லது பிங்க் நன்றாக வேலை செய்யும். லாரி உறுமலுக்கு பிரவுன். காதுக்கு எது உறுத்தாமல் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். பக்கத்து வீட்டு வார்த்தை கரைந்த அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஒரு கோடு கூட வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் நின்று ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அதிகம்.

விளம்பரம் வரும் வீடியோவில் போடாதீர்கள். அமைதியாக மழை பெய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒருவர் வந்து கடன் வேண்டுமா என்று கத்தினால், எதற்காகப் போட்டோமோ அதுவே கெட்டுவிடும். பதிவிறக்கிக்கொண்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக் கேளுங்கள். சில பதிவுகளில் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது ஒருமுறை காதில் பட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதற்காகவே காது காத்திருக்கும். அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.

ஒயிட் நாய்ஸ் மூளையைக் கூர்மையாக்கும் என்ற பேச்சைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2007-இல் சுவீடனைச் சேர்ந்த யோரான் சோடர்லுண்ட் குழு, கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இந்த இரைச்சல் நினைவாற்றலில் உதவியதையும், குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கு அதுவே இடைஞ்சலாக இருந்ததையும் காட்டியது. 2024-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும் அதே கதைதான்: கவனக் குறைபாடு உள்ள சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் சிறிய பலன், மற்றவர்களுக்குச் சிறிய நஷ்டம். பிரவுன் நாய்ஸ் பற்றி அந்தத் தொகுப்பில் ஒரு ஆய்வுகூட அகப்படவில்லை. ஆகவே உங்கள் அறை ஏற்கெனவே அமைதியாக இருந்தால் எதையும் போடாதீர்கள். மறைப்பதற்கு ஏதாவது இருந்தால் மட்டும் போடுங்கள்.

இயர்ப்ளக் வாங்குகிறவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை வகையை வாங்கலாம். அப்படியே காதில் திணித்தால் பாதிப் பலன்தான். விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே மண்டைக்குள் கேட்கும். சத்தத்தை அடக்கும் விலையுயர்ந்த ஹெட்போன்கள் ஃபேன், பஸ் எஞ்சின் போன்ற தொடர் உறுமலை நன்றாக அடக்கும். பேச்சு, ஹாரனை அவ்வளவு அடக்காது. நம் பிரச்சினை பேச்சுதான் என்பதால் அந்தப் பணத்தைப் போடுமுன் யோசியுங்கள்.

பாட்டு போடலாமா?

வேலையைப் பொறுத்தது. படிப்பது, எழுதுவது, மனப்பாடம் என்றால் வரி உள்ள பாட்டு வேண்டாம், அதுவும் பேச்சுதான். கானா பாட்டு ஓடும்போது அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளை மனசில் ஏற்ற முயல்வது நடக்காத காரியம். ஆனால் தையல், பேக்கிங், துணி மடிப்பது, பழகிப்போன டேட்டா என்ட்ரி போன்ற கை வேலைக்குப் பாட்டு நல்லது. சலிப்பைத் தள்ளும், வேகம் கூட்டும். படிக்க உட்காருமுன் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காருவதும் நல்ல பழக்கம். 1993-இல் மொசார்ட் இசை கேட்ட மாணவர்கள் வடிவப் புதிர்களில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்று ஒரு கட்டுரை வந்து உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. மனசு உற்சாகமாக இருந்ததால் வந்த பலன் என்று பின்னால் தெளிவானது. மனசு உற்சாகமாக யாருக்கு எது பிடிக்குமோ அதைக் கேட்டால் போயிற்று.

‘மூளை அலை’ இசை

இதற்கு பைனாரல் பீட்ஸ் என்று பெயர். இடது காதில் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு), வலது காதில் 210 ஹெர்ட்ஸ் விட்டால், நொடிக்கு 10 முறை துடிக்கிற மாதிரி ஒரு சத்தம் தலைக்குள் கேட்கும். வெளியே அப்படி ஒரு துடிப்பே கிடையாது, இரண்டு காதுக்கும் நடுவே மூளை உண்டாக்குவது. 19-ஆம் நூற்றாண்டில் டோவ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டது. 1973-இல் ஜெரால்ட் ஆஸ்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. மூளையின் மின் அலையும் அதே வேகத்துக்கு மாறிவிடும் என்பதுதான் விற்கிறவர்களின் வாக்கு. அளந்து பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கவனத்துக்கு உதவியது என்று சில சொல்கின்றன, இல்லை என்று சில.

இலவசமாகக் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். கேட்பதென்றால் இரண்டு பக்கமும் வேலை செய்யும் இயர்போன் வேண்டும். ஒரு பக்கம் செத்துப்போன இயர்போனில் கேட்டால் அது வெறும் ‘ம்ம்’ சத்தம்தான். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு ஒலியும் காதுக்கு வருமுன்னே கலந்துவிடும், அது பைனாரல் இல்லை.

பன்னிரண்டு நிமிடப் பயிற்சி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1990-இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார். பதற்றத்தாலும் ஓயாத யோசனையாலும் அவதிப்படும் பெரியவர்களுக்காக உருவானது. ஒரே நேரத்தில் பல திசைகளில் வரும் சத்தங்களை வைத்துக்கொண்டு, கவனத்தை நாம் சொல்லும் இடத்தில் வைக்கவும், சொன்னதும் எடுக்கவும் பழகுவதுதான் அது. சிகிச்சையில் அதற்கென்று ஒலிப்பதிவு உண்டு. அந்த முறையை நம் தெருச் சத்தத்தை வைத்தே பழகலாம்.

வீட்டில் ஓரளவு சாதாரண நேரமாகப் பாருங்கள், சாயங்காலம் ஐந்து மணி மாதிரி. நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். எதிர்ச் சுவரில் ஒரு ஆணியையோ காலண்டரின் ஒரு எண்ணையோ பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் குறைந்தது ஆறு சத்தங்களைக் கண்டுபிடித்து மனசில் பெயர் வையுங்கள். என் அறையில் இப்போது எழுதும் நேரத்தில் இருப்பதைச் சொல்கிறேன்: தலைக்கு மேல் ஃபேன், அதன் நடுவே வரும் ‘டக்’; சமையலறைக் குழாயில் வாளிக்குள் சொட்டும் தண்ணீர்; மாடியில் கேரம் ஆடும் பையன்களின் ஸ்ட்ரைக்கர்; தெருவில் கோலமாவு விற்கிறவர்; மெயின் ரோட்டில் பஸ் பிரேக்; எல்லாவற்றுக்கும் பின்னால் ரயில். கிட்டே உள்ளது, நடுத்தூரம், வெகுதூரம் மூன்றும் கலந்திருக்க வேண்டும். சத்தம் குறைவான வீடென்றால் ரேடியோவைப் பக்கத்து அறையில் மெதுவாக வையுங்கள், ஒரு கடிகாரத்தை எடுத்துவந்து மேசையில் வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடம், ஒரு நேரத்துக்கு ஒரு சத்தத்தில் மட்டும். சொட்டும் தண்ணீரை எடுங்கள். அந்தச் சொட்டு மட்டுமே இருக்கிற மாதிரி கேளுங்கள். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவா? வாளி நிறைய நிறைய ஒலி மாறுகிறதா? முதலில் தகரத்தில் விழுந்த ‘டிங்’, கொஞ்ச நேரத்தில் ‘ப்ளிக்’ ஆகும். சுமார் ஒரு நிமிடம் கழித்து அதை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கருக்குப் போங்கள், அப்புறம் பஸ், அப்புறம் ரயில். ஒவ்வொன்றிலும் மற்றவை பின்னால் போகட்டும், அவற்றை விரட்ட வேண்டியதில்லை.

அடுத்த ஐந்து நிமிடம், தாவுவது. ஒரு சத்தத்தில் ஐந்தாறு நொடி மட்டும், உடனே அடுத்தது. தண்ணீர், ஃபேன், பஸ், கேரம், ரயில், மறுபடி தண்ணீர். மனசுக்குள் பெயரைச் சொல்லி ஆணையிடுங்கள், கவனம் போக வேண்டும். இதுதான் எல்லாருக்கும் கடினமாக இருக்கும். கோலமாவுக்காரர் குரலில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இழுத்துக்கொண்டு வாருங்கள். அந்த இழுப்புதான் பயிற்சி.

கடைசி இரண்டு நிமிடம், எல்லாவற்றையும் சேர்த்து. எத்தனை சத்தத்தை ஒரே நேரத்தில் காதுக்குள் வைத்திருக்க முடியுமோ அத்தனையையும். கவனத்தை அறை, வீடு, தெரு, பேட்டை என்று விரித்துக்கொண்டே போங்கள். முடிந்தது, எழுந்துவிடலாம்.

நடுவே யோசனை வரும். சீட்டுப் பணம் கட்டணும், அண்ணனிடம் பேசணும், போன தடவை கட்-ஆஃபில் போனதே என்று எதாவது வரும். அதை அடக்கப் பார்க்காதீர்கள். ஏழாவது சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் ஒரு ஹாரன் அடித்த மாதிரி அதுவும் வந்தது, இருக்கட்டும், நான் இப்போது தண்ணீரில் இருக்கிறேன். மனசைக் கட்டுப்படுத்துவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து. யோசனை வராமல் செய்ய யாராலும் முடியாது. வந்த யோசனையோடு கூடவே போவதா, நின்ற இடத்தில் நிற்பதா என்பதை மட்டும் பழகலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. மனசு அமைதியாகவில்லையே என்று ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அமைதியாவதற்காக இதைச் செய்வதில்லை. செய்து முடித்ததும் கொஞ்சம் களைப்பாகக்கூட இருக்கும், அது சரிதான். இன்னும் சிலர் பதற்றம் வந்த உடனே ஓடிப்போய் இதைச் செய்கிறார்கள். ராயபுரம், வியாசர்பாடியில் பாக்சிங் பழகுகிற பையன்கள் சண்டை நடக்கும்போது பையைக் குத்தப் போவதில்லை, சண்டை இல்லாத நாளில் தினமும் குத்துகிறார்கள். அப்படித்தான் இதையும் சாதாரண நேரத்தில், தினம் ஒருமுறை பழக வேண்டும். யோசனையிலிருந்து தப்பி ஓடும் வழியாக மாற்றிக்கொண்டால் பலன் போய்விடும்.

சில வாரம் பழகிய பிறகு புத்தகத்தின் முன் உட்காரும்போது அதே தாவலைச் செய்து பாருங்கள். எதிர்வீட்டுச் சண்டை காதில் விழும். ‘அது ஒரு சத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த வரிக்கு வாருங்கள். இழுப்பது முன்பைவிடச் சுலபமாக இருந்தால் பயிற்சி ஏறுகிறது என்று அர்த்தம்.

போன்

போனை எடுத்துப் பார்க்காவிட்டாலும், நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்பதே கவனத்தைக் குலைக்கிறது என்று 2015-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. வைப்ரேஷனும் அப்படித்தான். மர மேசையில் ‘டர்ர்’ என்று நகரும் போனைவிடப் பெரிய எதிரி கிடையாது. அடுத்த அறையில், தலையணைக்கு அடியில் வைத்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்து அவசர அழைப்புக்குப் பயந்தால், அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ரிங் வைத்துக்கொண்டு மற்றதை அடக்குங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

‘நல்லா இருந்துச்சு’ என்ற உணர்வை நம்பாதீர்கள். பாட்டு போட்டுப் படித்த நாள் எப்போதும் நன்றாகப் படித்த மாதிரிதான் தோன்றும். பழைய வினாத்தாள்களிலிருந்து ஒரே அளவு கடினமான கேள்விகளை இருபது இருபதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மறைக்கும் சத்தத்தோடு, மறுநாள் இல்லாமல், ஒரே நேரத்தில் செய்யுங்கள். சரியான விடை எத்தனை, நடுவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று இரண்டை மட்டும் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது என்று நோட்டே சொல்லிவிடும். நண்பருக்கு உதவியது உங்களுக்கு உதவாமல் போகலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை.

எதுவுமே ஒத்துவரவில்லை, வீடு அப்படி என்றால் இடத்தை மாற்றுங்கள். பக்கத்தில் உள்ள அரசு நூலகக் கிளையைப் போய்ப் பாருங்கள். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் படிக்கிறவர்களுக்கென்றே கட்டியது. வண்ணாரப்பேட்டைப் பக்கத்திலிருந்து போய் வரும் தூரம்தான்.

காதையும் உயிரையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. லாரிச் சத்தத்தை அமுக்குவதற்காக இயர்போனை முழுசாகக் கூட்டுகிறவர்கள் இந்த வரம்பைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். பட்டறையிலோ துறைமுகத்திலோ சத்தத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். அவர்கள் இயர்போனைத் தொடாமல் ஃபேனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இயர்போனை இரவு முழுக்கப் போட்டபடி தூங்காதீர்கள்.

ரோட்டில் இயர்போன் வேண்டவே வேண்டாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி பின்னால் வருவதைக் கண்ணுக்கு முன் காதுதான் சொல்லும். தண்டவாளம் கடக்கிற இடங்களில் இரண்டு காதும் திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடப் பயிற்சியையும் வண்டி ஓட்டும்போது செய்யக் கூடாது.

காதுக்குள் ஓயாமல் ‘ஙொய்’ என்று கேட்டால், அல்லது பேச்சு மங்கலாகக் கேட்கத் தொடங்கியிருந்தால் எந்த ஒலிப் பயிற்சிக்கும் முன் ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். வலிப்பு வரும் பழக்கம் உள்ளவர்கள் துடிப்பு ஒலிகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தாமாக எதையும் தொடங்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே எந்த இடத்திலும், அமைதியான அறையிலும்கூட, கவனம் நிற்காமல் படிப்பும் வேலையும் கெட்டுக்கொண்டே வந்திருந்தால் அது சத்தத்தின் பிரச்சினை இல்லை. ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.